கோப்புக்கும் ஒரு ஜாதகம்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. முதுகலை ரெண்டாம் வருஷம், லேப்ல ஆணி அதிகம். இன்னிக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். என்னோட கொசுவத்தி இல்ல, நான் பொறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே பத்தவெச்சது. பொட்டி தட்டுற மக்களுக்குப் பாதி தெரிஞ்சிருக்கும். தட்டாத மக்களும் ஓடிறாதீங்க, நடுவுல உங்க தமிழ் ஃபைலும் வருது.

முதல்ல ஒரு சின்ன விஷயம். ஒரு ஃபைல்னா என்ன? உள்ளே இருக்குற எழுத்து மட்டும்தான்னு நினைப்போம். ஆனா அதுக்கு வெளியிலயும் கொஞ்சம் சமாச்சாரம் ஒட்டிக்கிட்டு இருக்கு. இது எழுத்தா, படமா? இதை ஒரு நிரலா ஓட்டலாமா, வெறுமனே படிக்க மட்டுமா? வரி முடியுற இடத்துல எந்தக் குறி இருக்கு? கடைசியா எப்போ மாத்தினாங்க? இதையெல்லாம் அட்ரிப்யூட், அதாவது கோப்போட பண்புகள்னு சொல்றாங்க. நம்ம ஊர்ப் பாஷையில சொன்னா, கோப்போட ஜாதகம்.

பல பேர் சேர்ந்து எழுதுற நிரலோட ஒவ்வொரு மாற்றத்தையும் பத்திரமா வெச்சிருக்குற மென்பொருள்தான் வெர்ஷன் கண்ட்ரோல். உள்ளே இருக்குற எழுத்தை எப்படிச் சேமிக்கிறதுங்குறதை ஆரம்பத்துலயே ஓரளவு தீர்த்துட்டாங்க. ஜாதகத்தை யார் எழுதுறது, எங்கே வைக்கிறது, யார் திருத்தலாம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல எத்தனையோ ஃபைல் பலியாச்சு.

1972: ஆரம்பம்

பெல் லேப்ஸ்ல மார்க் ராக்கைண்ட்னு ஒருத்தர் 1972-ல எஸ்சிசிஎஸ்னு ஒண்ணு எழுதினார். முதல்ல எழுதினது ஐபிஎம் பெரிய கணினிக்கு, ஸ்னோபால் மொழியில. அப்புறம்தான் யூனிக்ஸுக்கும் சி மொழிக்கும் வந்துச்சு. 1975-ல அதைப் பத்தி ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது.

அவங்களுக்கு நிஜமாவே ஒரு பிரச்சினை இருந்துச்சு. வாடிக்கையாளர்கிட்ட ஓடுற நிரல் இருக்கு. அதுல கோளாறு. அது எந்த மூல நிரலோட எந்தப் பதிப்புல இருந்து வந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கு அவங்க ஒரு வழி பண்ணினாங்க. நிரலுக்குள்ள ரெண்டு % குறிக்கு நடுவுல ஒரு எழுத்தைப் போட்டு வெச்சா, ஃபைலை வெளியே எடுக்கும்போது மென்பொருளே அந்த இடத்துல பேரு, பதிப்பு எண் எல்லாம் நிரப்பிடும். கம்பைல் பண்ணின பிறகும் அந்த வரி உள்ளேயே இருக்கும். 'வாட்'னு ஒரு கமாண்ட் அதைத் தேடி எடுத்துச் சொல்லிடும்.

பிரமாதமான யோசனைதான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. ஜாதகத்தைக் கொண்டுபோய் உடம்புலயே பச்சை குத்திட்டாங்க! உங்க ஃபைலோட உள்ளடக்கத்தை உங்களைக் கேக்காம மென்பொருள் மாத்தலாம்ங்குற வழக்கம் இங்கேதான் ஆரம்பிச்சது.

அடுத்து 1982-ல ஆர்சிஎஸ். பர்டியூ பல்கலைக்கழகத்துல வால்டர் டிஹி எழுதினது. (அவர் பின்னாடி இங்கே ஜெர்மனிக்கு வந்து கார்ல்ஸ்ரூஹேல பேராசிரியரா இருந்தார்.) அங்கே % போய் டாலர் குறி வந்துச்சு. ரெண்டு டாலருக்கு நடுவுல 'ஐடி'ன்னு எழுதினா, பேரு, பதிப்பு, தேதி, மாத்தினவர் பேரு எல்லாம் வந்து உக்காந்துக்கும். எழுத்துக் கோப்புக்கு இது வசதி. ஒரு படத்துக்குள்ளேயோ அளவீட்டுத் தரவுக்குள்ளேயோ தற்செயலா இதே பைட் வரிசை வந்துச்சுன்னா? அங்கேயும் போய் நிரப்பிடும். படம் காலி.

பொறக்கும்போது எழுதினது எழுதினதுதான்

1980-கள்ல ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகத்துல டிக் குரூனேன்னு ஒரு ஆசிரியர். அவரும் ரெண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு சி கம்பைலர் பண்றாங்க. ஒரு மாணவர் ஒழுங்கா காலையில வந்து சாயங்காலம் கிளம்புற டைப். இன்னொருத்தர் எப்ப வருவார்னே தெரியாது. ஆசிரியருக்குச் சாயங்காலம்தான் நேரம். (எல்லா லேப்லயும் இதே கதைதான் போல :-)) ஆர்சிஎஸ்ல ஒருத்தர் ஃபைலைப் பூட்டி எடுத்துட்டா மத்தவங்க காத்திருக்கணும். இவங்க மூணு பேருக்கும் அது சரிப்படாது. அதனால ஆர்சிஎஸ் மேல ஷெல் ஸ்கிரிப்டுகளா எழுதினதுதான் சிவிஎஸ். 1986-ல வெளியிட்டார். 1989-ல பிரையன் பெர்லினர் அதை சி மொழியில திருப்பி எழுதினார். 1990-கள்ல திறமூல உலகமே கிட்டத்தட்ட இது மேலதான் ஓடுச்சு.

சிவிஎஸ்ல ஜாதக விஷயம் ரொம்பக் கஷ்டம். ஒரு படத்தைச் சேர்க்கும்போது 'சிவிஎஸ் ஆட் -கேபி'ன்னு தட்டணும். (கமாண்டையும் தமிழ்லயே எழுதியிருக்கேன், அப்படியே தட்டினா பொட்டி திட்டும்.) அந்த '-கேபி'க்கு அர்த்தம், "இது எழுத்து இல்ல, எதையும் நிரப்பாதே, வரிமுடிவை மாத்தாதே". மறந்துட்டா? எழுத்துன்னே எடுத்துக்கும். தெரிஞ்சப்புறம் 'சிவிஎஸ் அட்மின் -கேபி'ன்னு திருத்தலாம். ஆனா இந்தத் திருத்தத்துக்கு வரலாறு கிடையாது. அந்தக் கோப்போட எல்லாப் பழைய பதிப்புக்கும் ஒரே நேரத்துல பொருந்திடும். நேத்து வரைக்கும் எழுத்தா இருந்தது, இன்னிலேர்ந்து படம்னு சொல்ல வழியே இல்ல.

ஓட்டுற அனுமதி இன்னும் மோசம். முதல் தடவை சேர்க்கும்போது அந்த ஃபைலுக்கு ஓட்டுற அனுமதி இருந்தா இருக்கும், இல்லேன்னா இல்ல. பின்னாடி மாத்த சிவிஎஸ்ல கமாண்டே கிடையாது. சர்வருக்குள்ள போய், கிடங்குல இருக்குற மூல ஃபைல் மேல நேரடியா 'சிஎச்மாட்' அடிக்கணும். சர்வருக்குள்ள நுழைய அனுமதி இல்லாதவங்க நிர்வாகிக்கு மடல் எழுதிட்டுக் காத்திருக்கணும். இதைத்தான் ஜாதகம்னு சொன்னேன். பொறந்த நேரத்துல எழுதினதோட சரி!

வரிமுடிவுச் சண்டை

வரி முடியுற இடத்துல யூனிக்ஸ் ஒரே ஒரு பைட் வைக்கும், மதிப்பு 10. விண்டோஸ் ரெண்டு வைக்கும், 13-ம் 10-ம். இது டெலிடைப் காலத்துப் பழக்கம். தலையை இடப்பக்கம் தள்ள ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி மேலே ஏத்த இன்னொரு குறி. டெலிடைப் செத்துப்போச்சு, குறி மட்டும் பேயா அலையுது.

விண்டோஸ் சிவிஎஸ் நல்லெண்ணத்தோட ஒரு வேலை பண்ணும். கிடங்குக்குப் போகும்போது 13, 10-ஐ வெறும் 10 ஆக்கும். வெளியே வரும்போது 10-ஐ மறுபடி 13, 10 ஆக்கும். எழுத்துக் கோப்புன்னா புண்ணியம். படம்னா?

பிஎன்ஜி படம் தெரியும்ல? 1996-ல அதை வடிவமைச்சவங்க இந்த ஆபத்தை நல்லாத் தெரிஞ்சவங்க. ஒவ்வொரு பிஎன்ஜி ஃபைலும் இந்த 8 பைட்டோடதான் ஆரம்பிக்கும்: 137 80 78 71 13 10 26 10. நடுவுல 80 78 71-ங்குறது பி, என், ஜி எழுத்துக்கள். 13 10 எதுக்கு? யாராவது அதை வெறும் 10 ஆக்கினா உடனே தெரிஞ்சிரும். கடைசி 10 எதுக்கு? யாராவது அதை 13 10 ஆக்கினா தெரிஞ்சிரும். பொறக்கும்போதே நாடி பிடிச்சுப் பார்க்க வசதி பண்ணிக் கொடுத்திருக்காங்க!

இப்ப நம்ம விஷயம். பழைய விண்டோஸ் நோட்பேடுல 'யூனிகோட்'னு போட்டுச் சேமிச்சா அது யுடிஎஃப்-16. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ரெண்டு பைட். அதுல மேல் பைட் எப்பவும் 11. ஒரே ஒரு எண் கம்மியா, 10-ல உக்காந்திருக்குறது யாரு தெரியுமா? குஜராத்தியும் பஞ்சாபியோட குர்முகியும். அதாவது அவங்களோட ஒவ்வொரு எழுத்துலயும் ஒரு வரிமுடிவு ஒளிஞ்சிருக்கு! சிவிஎஸ் அந்தக் கோப்பை எழுத்துன்னு நினைச்சு வெளியே எடுத்தா, எழுத்துக்கு எழுத்து ஒரு 13-ஐச் சொருகிடும்.

நாம தப்பிச்சோமான்னா, பாதிதான். நிஜமான வரிமுடிவு நமக்கும் இருக்கே. முதல் வரி ஒழுங்கா வரும். வரி முடியுற இடத்துல ஒரு பைட் கூடிடும். அதுக்கப்புறம் ஜோடி மாறி உக்காந்துக்கும். 'க'வோட பைட்டுகள் தலைகீழா ஜோடி சேர்ந்தா சீன எழுத்து, 'ம'வோடது கொரியன் எழுத்து. ரெண்டாவது வரி முடியும்போது இன்னொரு பைட் கூடி, ஜோடி மறுபடி சரியாயிடும். ஆக ஒரு வரி தமிழ், அடுத்த வரி சீனமும் கொரியனும், மறுபடி ஒரு வரி தமிழ். யுடிஎஃப்-8-ல இந்தத் தொல்லை இல்ல. அங்கே தமிழ் எழுத்துக்குள்ள 10-ஓ 13-ஓ எட்டிக்கூடப் பார்க்காது.

திரும்பி வராதது

இதெல்லாம் பழங்கதைன்னு நினைக்காதீங்க. எங்க லேப்ல போன வருஷம் பழைய கிடங்கு ஒண்ணை இன்னிக்கு இருக்குற கிட்டுக்கு மாத்துற வேலையை என் தலையில கட்டினாங்க. சிவிஎஸ்ல ஆரம்பிச்சு சப்வெர்ஷன் வழியா வந்த கிடங்கு. அதுல ஒரு கருவியோட அளவீட்டு ஃபைல்கள் இருந்துச்சு. அந்தக் கருவி எப்பவோ கழிச்சுக் கட்டியாச்சு. சில ஃபைல் திறக்குது, சிலது திறக்கல.

உக்காந்து பைட் பைட்டாப் பார்த்ததுல ரெண்டு வகை சேதம் தெரிஞ்சது. ஒரு வகையில வெளியே எடுத்தப்ப மட்டும் 13 கூடியிருக்கு. கிடங்குக்குள்ள இருக்குறது சுத்தம். '-கேபி' போட்டு மறுபடி எடுத்தா முழுசாத் திரும்பி வந்துரும். இன்னொரு வகை, யாரோ விண்டோஸ் பொட்டியில இருந்து உள்ளே போட்டப்பவே 13 கழண்டுபோனது. இதுக்கு மருந்து கிடையாது. ஏன்னா, கிடங்குல இப்ப இருக்குற ஒரு 10-ஐப் பார்த்தா, அது முதல்லயே தனியா இருந்த 10-ஆ, இல்ல 13-ஐத் தொலைச்ச 10-ஆன்னு சொல்லவே முடியாது. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு ஃபைலோட மொத்த நீளம் ஒரு பழைய குறிப்புல இருந்துச்சு. அதை வெச்சு எத்தனை பைட் போச்சுன்னு சொல்லிட்டேன். எந்த இடத்துல போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியல. பேராசிரியர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துட்டு, "சரி, அந்த வரிசையை ஆய்வுல இருந்து எடுத்துடு"ன்னார். ரெண்டு எழுத்து, ஒரு கழித்தல் குறி. அதைத் தட்டாததால ஒருத்தரோட பல மாசத்து அளவீடு போச்சு.

இதுல நான் யாரையும் குறை சொல்லல. ஃபைலைச் சேர்க்குற மனுஷனுக்கு மட்டும்தான் அது எழுத்தா தரவான்னு தெரியும். அவர் சொல்லாட்டி மென்பொருள் சந்தேகப்படணும். சிவிஎஸ் சந்தேகமே படாம எழுத்துன்னு முடிவு கட்டுச்சு. அதான் தப்பு.

2004: ஜாதகத்துக்கும் வரலாறு

2000-ல கொலாப்நெட் நிறுவனம் சிவிஎஸ்ஸுக்கு மாத்தா ஒண்ணு பண்ண ஆள் சேர்த்தாங்க. கார்ல் ஃபோகல், ஜிம் பிளாண்டி, பென் காலின்ஸ்-சஸ்மன் எல்லாம் அதுல இருந்தாங்க. ஆகஸ்ட் 2001-லயே தங்களோட சொந்த நிரலை அதுலயே வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. பிப்ரவரி 2004-ல சப்வெர்ஷன் 1.0 வந்துச்சு.

இவங்க சிவிஎஸ்ஸால நொந்தவங்க. அதனால ரெண்டு முடிவு எடுத்தாங்க. முதலாவது, நீங்க கேக்காம ஃபைல்ல ஒரு பைட்டைக்கூடத் தொட மாட்டோம். ரெண்டாவது, ஜாதகத்தையும் உள்ளடக்கம் மாதிரியே பதிப்புப் பதிப்பாச் சேமிப்போம். இதுக்குப் பேரு 'ப்ராப்பர்ட்டி'. கருப்புத் திரையில 'எஸ்விஎன் ப்ராப்செட்'னு தட்டினா எழுதலாம். 'ப்ராப்கெட்' படிக்க, 'ப்ராப்லிஸ்ட்' பட்டியல் பார்க்க, 'ப்ராப்எடிட்' திருத்த, 'ப்ராப்டெல்' அழிக்க. அப்புறம் கமிட் பண்ணினா, யார் எப்போ ஏன் மாத்தினாங்கன்னு பதிவாயிடும். ஓட்டுற அனுமதிக்கு 'எஸ்விஎன்:எக்ஸிக்யூட்டபிள்', வரிமுடிவுக்கு 'எஸ்விஎன்:ஈஓஎல்-ஸ்டைல்', டாலர் வித்தைக்கு 'எஸ்விஎன்:கீவேர்ட்ஸ்'. நீங்களே புதுப் பேரு வெச்சும் எழுதிக்கலாம்.

இதுல ஒரு காமெடி. ஓட்டுற அனுமதியை எடுக்கணும்னு 'எஸ்விஎன்:எக்ஸிக்யூட்டபிள்' மதிப்புக்கு 'நோ'ன்னு கொடுத்தா என்ன ஆகும்? அனுமதி வந்துரும்! ஏன்னா மதிப்பைப் பார்க்குறதே இல்ல, அந்தப் பேரு இருக்கா இல்லையான்னுதான் பார்க்கும். என்ன கொடுத்தாலும் ஒரு நட்சத்திரக் குறியா மாத்தி வெச்சுக்கும். எடுக்கணும்னா 'ப்ராப்டெல்'தான் ஒரே வழி.

இவ்வளவு நல்லாப் பண்ணியும் ஒரு ஓட்டை இருந்துச்சு. பிஎன்ஜின்னா இப்படி, ஸ்கிரிப்டுன்னா அப்படின்னு தானா எழுதுற 'ஆட்டோ-ப்ராப்ஸ்' வசதி ஒவ்வொருத்தர் பொட்டியிலயும் தனித்தனியா இருந்துச்சு. குழுவுல பத்துப் பேர்னா பத்துப் பேரும் அமைக்கணும். ஒருத்தர் விட்டாலும் போச்சு. ஒரு அடைவுல எழுதிட்டா எல்லாருக்கும் பொருந்துற மாதிரி ஆனது 2013-ல வந்த 1.8-லதான்.

கிட்: ஒரே ஒரு வரி ஜாதகம்

ஏப்ரல் 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுத ஆரம்பிச்சார். முதல் சில நாள் கிட் முழு அனுமதி எண்ணையும் சேமிச்சது. ஒருத்தர் பொட்டியில 664, இன்னொருத்தர் பொட்டியில 644. உள்ளே ஒரு எழுத்துகூட மாறல, ஆனா ரெண்டும் வேற வேறன்னு காட்டும். அதே மாசத்துலயே அதைத் தூக்கிட்டார். சாதாரண ஃபைலுக்கு இனிமே ரெண்டே எண்: 100644-னா படிக்க, 100755-னா ஓட்ட. தேதி கிடையாது, உரிமையாளர் கிடையாது. ஓட்டலாமா கூடாதா, அவ்வளவுதான்.

விண்டோஸ்ல அந்த ஓட்டுற அனுமதியே கிடையாதே, அங்கே என்ன பண்றது? 'கிட் அப்டேட்-இண்டெக்ஸ் --சிஎச்மாட்=+எக்ஸ்'னு தட்டினா கிடங்குல மட்டும் எழுதிடும். 2016-லேர்ந்து 'கிட் ஆட்'லயே அதே '--சிஎச்மாட்' வந்துருச்சு.

மத்த பண்பையெல்லாம் 2007-ல '.கிட்அட்ரிப்யூட்ஸ்'னு ஒரு சாதாரண எழுத்துக் கோப்புக்குக் கொண்டுவந்தாங்க. தனிக் கமாண்ட், தனிப் பெட்டி எதுவும் இல்ல. அந்தக் கோப்பும் மத்த கோப்பு மாதிரியே கமிட் ஆகும், எல்லாருக்கும் போய்ச் சேரும். இந்தக் கோப்புக்கு என்ன பலன்னு 'கிட் செக்-அட்ர்'னு தட்டிக் கேட்டுக்கலாம். 2018-ல வந்த 2.18-ல 'வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங்'கும் சேர்ந்துச்சு. யுடிஎஃப்-16 தமிழ்க் கோப்புன்னு எழுதி வெச்சா உள்ளே யுடிஎஃப்-8-ஆ மாத்திச் சேமிச்சு, வெளியே வரும்போது பழையபடி கொடுக்கும்.

எனக்குப் பிடிச்சது சப்வெர்ஷனா கிட்டான்னு கேட்டா, நினைப்புல சப்வெர்ஷன், நடைமுறையில கிட். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி ஜாதகம் எழுதுறது அழகுதான். ஆனா எழுத மறக்குறது மனுஷ குணம். ஊருக்கே பொதுவா ஒரு பலகையில எழுதிப் போட்டா ஒருத்தர் மறந்தாலும் மத்தவங்க தப்பிச்சுக்குவாங்க.

ஆனா கிட் மறக்குறதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. குறிப்பா, பழைய பதிவுகளை எல்லாம் இறக்கி கிட்ல காப்பு வெச்சிருக்குற சக பதிவர்களுக்குச் சொல்றேன். கிடங்கை இன்னொரு பொட்டியில குளோன் பண்ணினா எல்லாக் கோப்புக்கும் இன்னிக்குத் தேதிதான் விழும். 2005-ல எழுதின பதிவும் இன்னிக்குப் பொறந்த மாதிரி நிக்கும். எழுதின தேதி முக்கியம்னா அதைக் கோப்புக்கு உள்ளேயோ, கோப்புப் பேருலயோ எழுதிடுங்க. '.கிட்அட்ரிப்யூட்ஸ்'ல படத்துக்கெல்லாம் 'பைனரி'ன்னு ஒரு வரி போடுங்க. முதல் நாளே போடுங்க. கமிட் ஆனதுக்கு அப்புறம் கழண்ட 13 எங்கே இருந்துச்சுன்னு எந்த ஜோசியராலயும் சொல்ல முடியாது.

உங்க பழைய கிடங்குல இந்த மாதிரி வெட்டுப்பட்டது ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ரெண்டுல எந்த வகைன்னு சேர்ந்து பார்ப்போம்.

டிஸ்கி 1: ஜாதகத்துல எனக்கு நம்பிக்கை இல்ல. ஃபைல் ஜாதகத்துல மட்டும் உண்டு :-)

டிஸ்கி 2: யுடிஎஃப்-16 சேதத்தை நீங்களே செஞ்சு பார்க்க ஆசைப்பட்டா, ஒரு நகல் எடுத்து வெச்சுட்டுப் பண்ணுங்க சாமிகளா!